மோர்னிங்சைட் செலீனும் பெயர் சொல்லாத கம்பனியும்

எங்கள் வானொலிக்கு வழக்கமாகத் தொலைபேசி எடுக்கிறவர்களில் மோர்னிங்சைட் பக்கத்துச் செலீன் அக்காவைப் போல என்னை எரிச்சல்படுத்தியவர் வேறு ஒருவரும் இல்லை. அவர் ஒரு நாள் எடுக்காவிட்டால் தேடுவதும் நான்தான். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மாடியில், பல் வைத்தியருக்கும் வரிக் கணக்குப் பார்ப்பவருக்கும் நடுவில் எங்கள் நிலையம் இருக்கிறது. காலை விவாத நிகழ்ச்சியை நான் நடத்துகிறேன். மயூரிக்கு வாய் நீளம் என்று நேயர்கள் சொல்வார்கள். செலீன் அக்கா லைனுக்கு வந்துவிட்டால் அந்த நீளமும் போதாது.

அவர் ஊரில் பேசாலைக் கிராமத்திலிருந்து இளம் வயதில் வந்தவர். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கிச்சினில் இருபது வருடங்களுக்கு மேல் நின்றார். அங்கே வாயை மூடி மாஸ்க், தலையை மூடி வலை. வேலை நேரத்தில் கதைத்தால் சுப்பவைசர் முறைப்பார். ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகி, எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டபடி தட்டுகளில் பாணும் பட்டரும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். லைனில் யாராவது பிழையாகக் கதைத்தால் பதில் சொல்ல நாக்குத் துடிக்குமாம், சொல்ல வழியில்லை. நாரி நோ வந்து இடுப்பை நிமிர்த்த முடியாமல் வேலையை விட்ட அடுத்த கிழமையே எங்களுக்கு எடுத்தார். இவ்வளவு காலமும் தேக்கி வைத்ததையெல்லாம் என் தலையில் கொட்டுகிறீர்கள் என்று நான் கேலி செய்வேன். "பின்னை ஆரின்ரை தலையிலை கொட்டுறது பிள்ளை? அவர் லொறியோடை மொன்றியலிலை நிக்கிறார்" என்பார். அவர் என்றால் கணவர் அமிர்தநாதர்.

இந்த வருடம் எங்களுக்கு வாய்த்த பெரிய விவாதம் இன்ரநெற் ஒப்பந்தம். ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு வடக்கே, பண்ணை வீடுகளும் வெறும் வயல்களுமாகக் கிடக்கிற பக்கங்களுக்கு வேகமான இன்ரநெற் கொடுக்கவென்று அரசாங்கம் ஒரு கம்பனிக்குப் பெருந்தொகை கொடுத்திருந்தது. போட்டிக்கு வந்தவர்களை ஒதுக்கிவிட்டு, அமைச்சரின் சிநேகிதருடைய கம்பனிக்குத் தூக்கிக் கொடுத்தார்கள் என்றது எதிர்க்கட்சி. மற்றவர்களுக்குத் தகுதி போதவில்லை என்றது அரசாங்கம். முடிந்ததாகக் காட்டிய வீடுகளில் பாதிக்கு இணைப்பே இல்லை என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் செய்தோம் என்றது கம்பனி. விசாரணை என்றார்கள், யார் யாரை விசாரிக்கிறார்கள் என்பதிலேயே இரண்டு கதை இருந்தது. நான் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் மைக்குக்கு முன்னால் போய் இருப்பேன். வாசிக்க வாசிக்கத் தலை சுற்றியது. நேயர்களுக்கு அந்தக் கரைச்சலே இல்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

எங்கள் நிலையத்தில் ஒரு கட்டளை உண்டு. விவாதத்தில் எந்தக் கம்பனியின் பெயரையும் சொல்லக்கூடாது. யாராவது வழக்குப் போட்டால் நிலையத்தை இழுத்துப் பூட்டவேண்டியதுதான். ஆகவே நேயர்கள் "அந்தக் கம்பனி" என்பார்கள், நானும் "நீங்கள் சொல்லுகிற அந்தக் கம்பனி" என்பேன். ஆங்கிலப் பத்திரிகையில் பெயர் கொட்டை எழுத்தில் கிடக்கும், எங்களிடம் மட்டும் அது பெயரில்லாத கம்பனி. தெரிந்தவர்களுக்குத் தெரியும்தானே என்று நான் நினைத்திருந்தேன்.

அந்தக் கம்பனியை செலீன் அக்கா கிழி கிழியென்று கிழித்தார். சில கிழமைகளாக அவருக்கு வேறு வேலையே இருக்கவில்லை. ஒரு நாள் கம்பனிக்காரரோடு நிற்காமல் கீழே இறங்கினார்.

"மயூரி, நான் ஒண்டு கேக்கிறன். அமைச்சர் மட்டுமோ கள்ளன்? அங்கை வேலை செய்யிறவைக்குத் தெரியாதோ வீடுகளுக்கு லைன் குடுக்கேல்லை எண்டு? தெரிஞ்சுகொண்டு சம்பளம் வாங்கிறவனும் கள்ளன்தான்!"

அடுத்த லைனில் மார்க்கத்திலிருந்து எடுக்கிற சூசைதாசன் அண்ணை காத்திருந்தார். எப்போதும் அரசாங்கத்தின் பக்கம் நின்று கதைக்கிறவர். "தங்கச்சி, வேலை செய்யிற பொடியளை ஏன் இழுக்கிறியள்? அவையள் சொன்னதைச் செய்யிற ஆக்கள்" என்றார்.

"கள்ளனுக்கு ஏணி பிடிக்கிறவனும் சொன்னதைத்தான் செய்யிறான், அண்ணை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லைன்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. நல்ல நிகழ்ச்சி என்று நிலையக்காரரும் பாராட்டினார்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது எனக்கு ஓர் அழைப்பு. இளம் குரல்.

"அக்கா, நான் றொய்சன். செலீன்ரை மகன். அம்மாவை இனி எயாரிலை எடுக்காதேங்கோ, ப்ளீஸ்."

"ஏன் தம்பி? அம்மாவுக்குச் சுகமில்லையோ?"

"அவ சொல்லுற கள்ளன் நான்தான், அக்கா."

அவன் சொல்லச் சொல்லக் கேட்டேன். பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. பெரிய கம்பனி வேலையை இன்னொரு கம்பனிக்குக் கொடுத்திருக்கிறது. அது ஒரு சின்னக் கம்பனிக்குக் கொடுத்திருக்கிறது. அந்தச் சின்னக் கம்பனியில் றொய்சன் ஒரு குழுவுக்குப் பொறுப்பு. அவனுடைய சட்டையில் ஒரு பெயர், வேலை லொறியில் இன்னொரு பெயர், சம்பளம் போடுவது மூன்றாவது பெயர். ரோட்டுக் கரையில் கேபிளை மண்ணுக்குள் தாட்டு மூடுவது அவர்கள் வேலை. வீட்டு வாசலைத் தாண்டிக் கேபிள் போய்விட்டால் அந்த வீடு முடிந்த கணக்கு. உள்ளே இணைப்புக் கொடுக்க வேறு யாரோ வரவேண்டும்.

"அது எப்ப வரும் எண்டு எங்களுக்குச் சொல்லுறேல்லை. லைன் கடந்து போனா நான் ரப்லெற்றிலை 'பாஸ்ட்', கடந்தாச்சு எண்டு போடுவன். ஐ ஜஸ்ற் றிக் த பொக்ஸ், கட்டத்திலை சரி போடுறது மட்டும்தான். இப்ப அந்த றிக்தான் பொய் எண்டு நியூசிலை சொல்லுறாங்கள். என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறாங்கள் அக்கா."

"அம்மாவுக்குச் சொன்னீங்களோ?"

"ஷீ நோஸ். தெரிஞ்சுகொண்டுதான் சொல்லுறா. எங்கடை வேலை லொறியிலை காலமை உங்கடை றேடியோதான் போகும். எல்லாரும் தமிழ்ப் பொடியள். அம்மா வந்தவுடனை வொலியூமைக் கூட்டிப்போட்டு, 'மச்சான், உன்ரை மம் உன்னைத்தான் ஏசுறா' எண்டு சிரிப்பாங்கள். நானும் சிரிப்பன். வேறை என்ன செய்யிறது? இப்ப நான் அம்மா வீட்டை போறேல்லை."

இப்படியும் ஒரு தாயா என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. உடனே செலீன் அக்காவுக்கு எடுத்தேன்.

"உங்கடை மகனுக்கு என்ன வேலை அக்கா?"

"இன்ரநெற் வேலை. ஏன் பிள்ளை? உவன் இப்ப வீட்டுப் பக்கமே வாறானில்லை. ஞாயிறு பூசைக்கும் காணேல்லை. கேட்டா பிசி எண்டுறான்."

"நீங்கள் இவ்வளவு நாளும் ஏசுற கம்பனி எது எண்டு தெரியுமோ?"

"அந்தக் கம்பனி."

"அந்தக் கம்பனிக்குப் பேர் என்ன?"

அடுப்பில் எதுவோ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்கள்தானே மயூரி பேர் சொல்லக்கூடாதெண்டு சொன்னனீங்கள்" என்றார் கடைசியில். "நானும் கேக்கேல்லை."

பெயரைச் சொன்னேன். "உது அவன்ரை லொறியிலை எழுதிக் கிடக்கு" என்றார். குரல் செத்துப்போயிருந்தது. என் கோபம் இறங்கிவிட்டது. இறங்கிய கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்மேலா, எங்கள் நிலையத்துக் கட்டளைமேலா, அந்தப் பெயரைத் தினமும் வாசித்தும் வாய் திறக்காத என்மேலா?

அன்று பின்னேரம் அவரை ஸ்ரௌவ்வில்லுக்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். றொய்சன் போன வருடம் வாங்கிய புது வீடு. மரமே இல்லாத தெரு, ஒரே மாதிரி வாசல்கள். செலீன் அக்கா பிழையான வாசலில் போய் மணியடித்தார். அடுத்த கதவைத் திறந்துகொண்டு வந்தவன் தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "வாங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். தேத்தண்ணி தரவில்லை.

"எனக்குப் பேர் தெரியாது றொய்சன். மாதாவாணை தெரியாது."

"பேர் தெரியாமலோ இவ்வளவும் கத்தினீங்கள்? ஹூ டஸ் தற், அம்மா? ஒருத்தனைக் கிழமைக் கணக்கிலை ஏசுறீங்கள், ஆர் எண்டு ஒருக்காக் கேக்கேல்லை?"

"கேட்டிருக்கவேணும். யோசிக்கேல்லை."

அவன் நம்பினானா என்று எனக்குப் பிடிபடவில்லை. நம்பியதால் இன்னும் கோபம் கூடியது போலத்தான் இருந்தது. அறிந்து ஏசினால் ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

செலீன் அக்கா நேரே கேட்டார்: "நீ கள்ளம் செய்தனியோ?"

இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தேன். அவரும் அப்படித்தான் காத்திருந்தார்.

"எனக்குத் தெரியாது" என்றான் றொய்சன். "றூல் அப்பிடித்தான் கிடந்தது. ஆனா சில ரோட்டிலை லைன் போறதுக்கு முதலே பாஸ்ட் எண்டு போடச் சொன்னவங்கள். பிறகு வந்து கேபிளைத் தாட்டாச் சரி எண்டு. நான் போட்டனான். பிறகு தாட்டதோ இல்லையோ எண்டு எனக்கு ஞாபகமில்லை அம்மா."

"அது பொய்தானே, மகன்?"

"அப்ப பொய் மாதிரித் தெரியேல்லை. எல்லாரும் அப்பிடித்தான் செய்தவங்கள்."

திரும்பி வரும் வழியில் மார்க்கம் தாண்டும் வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. இந்த மனுசி கதைக்காமல் இருப்பதை நான் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன், பயமாக இருந்தது. பிறகு சொன்னார்: "இனி நான் எடுக்காமல் விட்டா, மகன் எண்டவுடனை வாயைப் பொத்திப்போட்டாள் எண்டு வரும். எடுத்துக் கதைச்சா அவனை நானே பிடிச்சுக் குடுத்த மாதிரி. என்ன செய்யிறது பிள்ளை?"

தினமும் நூறு பேருக்குக் கருத்துச் சொல்லுகிறவள் நான். கொஞ்ச நாள் பேசாமல் இருங்கோ அக்கா என்றேன். அது நல்ல புத்திமதியா என்று எனக்கே நிச்சயமில்லை.

அடுத்த நாள் நிகழ்ச்சி தொடங்கி ஒரு பாட்டும் முடியவில்லை, அவருடைய இலக்கம் திரையில் வந்தது. எடுக்காமல் விடலாமா என்று யோசித்தேன். எடுத்தேன்.

"வணக்கம் மயூரி. மோர்னிங்சைட் செலீன் கதைக்கிறன். கள்ளம் நடந்திருந்தா பிடிக்கவேணும் எண்டு இண்டைக்கும் சொல்லுறன். அதிலை மாற்றமில்லை. ஆனா அங்கை சம்பளம் வாங்கிறவனும் கள்ளன் எண்டு நேற்றுச் சொன்னனான். அதிலை என்ரை பிள்ளையும் ஒருத்தன். எனக்குத் தெரியாமல் சொல்லிப்போட்டன். அவன் செய்தது சரியோ பிழையோ எண்டு எனக்கு விளங்கேல்லை. அவனுக்கும் விளங்கேல்லை. விசாரணைக்குப் போய்த் தெரிஞ்சதை ஒளிக்காமல் சொல்லவேணும் எண்டு அவனுக்கு இதிலை வைச்சுச் சொல்லுறன். வேறை ஒண்டும் இல்லை."

தானாகவே வைத்துவிட்டார். கொடுத்த நேரத்துக்குள் அவர் முடித்தது இதுதான் முதல் தடவை. அடுத்த லைனில் சூசைதாசன் அண்ணை நின்றார். வெளுத்து வாங்கப்போகிறார் என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"பிள்ளை..." என்றார். "என்ரை மருமோனும் அங்கைதான். அதாலைதான் நான் இவ்வளவு நாளும்..." அதற்கு மேல் வரவில்லை. நான் விளம்பரத்தைப் போட்டேன். எனக்கு அழுகை வந்தது. யாருக்காக அழுகிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

அமைச்சர் பக்கம், எதிர்ப்பக்கம் என்று நான் பிரித்து வைத்திருந்த நேயர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கேபிள் வேலையில் பிள்ளைகள் இருந்தார்களோ தெரியாது. அன்றைக்கு லைன்கள் மந்தமாகவே இருந்தன. மிச்ச நேரத்துக்குப் பாட்டுப் போட்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் செலீன் அக்காவுக்கு எடுத்தேன். "றொய்சன் கேட்டவரோ?" என்றேன்.

"கேட்டவன். இப்பதான் எடுத்தவன்."

"என்ன சொன்னவர்?"

"நல்லாக் கத்தினவன். ஊருக்கே சொல்லிப்போட்டியளே எண்டு. கத்தி முடிச்சுப்போட்டு, 'உண்மையைச் சொல்லி, அதாலை என்னைப் பிடிச்சு மறியல் கம்பிக்குள்ளை போட்டா என்ன செய்வீங்கள்' எண்டு கேட்டவன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"மறியலுக்குச் சோறு கொண்டு வருவன் எண்டனான்."

"அதுக்கு?"

"கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. வைச்சிட்டானாக்கும் எண்டு நினைச்சன்." மூக்கை உறிஞ்சினார். "பிறகு, 'என்ன கறி?' எண்டு கேட்டவன்."