இரண்டு விரல் லூஸ்

தையல்காரியிடம் அளவு சரியில்லை என்று யாராவது சொன்னால் போதும், வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். பதினைந்து வருடமாகக் கழுத்தில் தொங்கும் டேப் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. பிள்ளைகளை அளக்கும்போது மட்டும் டேப்புக்குள் இரண்டு விரலைக் கொடுத்துக்கொள்வாள். "வளர்ற பிள்ளை, லூஸ் விட்டாத்தான் அடுத்த வருஷமும் போடும்" என்பாள்.

முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக உண்டானபோது அதே டேப்பால் தன் வயிற்றையும் அளந்தாள். ஞாயிறுதோறும் சுற்றளவு, வாரம் அரை இஞ்ச் ஏற்றம். பள்ளிச் சீருடை வேலை தலைக்கு மேல் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய இரண்டு தேதிகளைத் தள்ளிப்போட்டாள்.

"ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமே" என்றார் கணவர். பஸ் ஓட்டுபவர், ரோட்டில் ஊரையே அதட்டுவார், வீட்டில் ஹாரன்கூட அடிக்கமாட்டார்.

"புள்ள நல்லாத்தான் வளருது. டேப் சொல்லுதே!" என்று அவர் வாயை அடைத்தாள்.

முப்பத்திரண்டாம் வாரம் ஒருவழியாகப் போனாள். நர்ஸம்மா டேப்பை எடுத்ததும் இவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த அம்மா சுற்றி அளக்கவில்லை. அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பை மேலே முடியும் இடம்வரை நீளவாக்கில் வைத்தார். இருபத்தேழு சென்டிமீட்டர். வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் முப்பத்திரண்டை ஒட்டி இருக்கவேண்டும். மறுபடி வைத்தார், அதே இருபத்தேழு. பிரஷர் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "வாரத்துக்கு ஏத்த வளர்ச்சி இல்லம்மா. உங்களுக்கு பிரஷர் ஏறியிருக்கு, நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கு ரத்தம் சரியாப் போகல."

"சுத்தளவு ஏறிச்சே டாக்டர்?"

"அது குழந்தை இல்ல, உங்க உடம்புல கோத்த நீர். காலைப் பாருங்க."

பார்த்தாள். செருப்பு வார் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது.

"இப்படியே விட்டா குழந்தை உள்ளேயே இறந்துடலாம், உங்களுக்கும் வலிப்பு வரலாம். இங்கேயே தங்குங்க. அசைவு குறைஞ்சா உடனே கூப்பிடுங்க."

வார்டில் படுத்து அசைவுகளை எண்ணினாள். ஒன்று வந்ததும் அடுத்தது வருமா என்று உயிர் போய் உயிர் வந்தது. கணவர் குறை சொல்லாததுதான் தாங்க முடியவில்லை.

"ஒரு வார்த்தை திட்டித் தொலைங்களேன்!"

"திட்டினா புள்ளைக்கு எடை ஏறுமா? சாப்பிடு."

முப்பத்துநான்காம் வாரம், ஒரு மதியம் அசைவு அடங்கிப்போனது. அலறிக் கூப்பிட்டாள். அரை மணி நேரத்தில் ஆபரேஷன். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆனால் அழுதது.

குழந்தையை இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டியைவிட்டு வெளியே எடுத்த அன்று, முன்னமே தைத்து வைத்திருந்த சட்டைக்குள் இன்னொரு பிள்ளையும் புகலாம் போலிருந்தது. தையல்காரி டேப்பை எடுத்து அந்தக் குருவி மார்பைச் சுற்றினாள். பழக்கத்தில் விரல்கள் உள்ளே போயின. அடுத்த வருஷக் கணக்குப் போடப் பயந்து, சுட்டதுபோல் உருவிக்கொண்டாள். இழுத்துப் பிடித்து, நூலளவும் கூட்டாமல் தைத்தாள்.

மூன்று மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் எடை பார்த்த நர்ஸம்மா சிரித்தார். "தையல்காரி புள்ளைக்கா இப்படிச் சட்டை அக்குள்ல பிடிக்குது? வேற சட்டை தைக்கலையா?"

தையல்காரி கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். இரண்டு விரலை உள்ளே கொடுத்து அளந்தாள்.

"கொஞ்சம் லூஸாவே தைக்கிறேங்க. வளர்ற பிள்ளை" என்றாள். சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில் ஓவென்று அழுதாள்.