சுவரில் ஒட்டியிருந்த பாதங்கள்

தைத்து முடித்த பதினெட்டு வெள்ளைக் கோட்டுகளையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு தையல்காரம்மா ஆராய்ச்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறினாள். மருத்துவமனைக்குப் பத்து வருடமாகத் தைத்துக் கொடுத்தாலும் இந்த மாடிக்கு வருவது முதல் தடவை. ஆள் வரட்டும் என்று நடைவழியில் நின்றாள்.

சுவரில் ஒரு பெரிய விளக்கப்படம். கோடு கோடாய் உடம்புள்ள பொடி மீன்கள், பச்சையாய் ஒளிரும் நரம்புகள். மூலையில் ஒரு குழந்தையின் இரண்டு பாதங்கள். இடது கணுக்காலில் பிறை போல ஒரு தழும்பு. அவள் மகனின் கால். இஸ்திரிப் பெட்டி சுட்டது. அவள் கடையில், அவள் கண்ணெதிரே சுட்டது.

கோட்டு வாங்க வந்த ஆய்வு மாணவியிடம், "இது என்னம்மா?" என்று கேட்டாள்.

"ஒரு பையனுக்கு இந்த மரபணு கெட்டுப்போயிருந்துச்சுங்க. வரிக்குதிரை மீன்ல அதையே செயலிழக்க வச்சுப் பார்த்தோம். நரம்பு இழை முழு நீளத்துக்கு வளரல. அது மேல மையலின்னு ஒரு கொழுப்பு உறை சுத்தணும், அதுவும் அரைகுறை. அதான் நடை தடுமாறுது."

"எப்பத் தெரிஞ்சுது?"

"பையனோட மரபணு தெரிஞ்சு நாலு வருஷம். அப்பா அம்மா ரெண்டு பேருகிட்டயும் அந்தக் கெட்ட மரபணு ஒண்ணு வெளியே தெரியாம இருக்கும். அடுத்த குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு."



பையனிடம் ரத்தம் எடுத்தவர் நரம்பு டாக்டர், அவள் கணவனின் பள்ளித் தோழர். 'அண்ணா' என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவரிடம்தான் கேட்டாள், இன்னொரு குழந்தை பெற்றால் அதற்கும் இப்படி ஆகுமா என்று. "அதெல்லாம் வராது, தைரியமா இரு" என்றார். அதை நம்பிப் பெற்ற சின்னவள் போன வாரம்தான் முதல் அடி வைத்தாள், அண்ணனைப் போலவே குதிகால் தரையில் படாமல்.

கோட்டுகளை அப்படியே போட்டுவிட்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

"உறுதியாகாத முடிவை வீட்டுக்காரங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு விதி, தங்கச்சி" என்றார் அவர்.

"அப்ப 'தெரியாது'ன்னு சொல்லியிருக்கலாமே. 'வராது'ன்னு ஏன் அண்ணா சொன்னீங்க?"

அவர் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

"என் பொண்ணு வேணாம்னு சொல்லல. பெத்திருப்பேனோ மாட்டேனோ, அதை நான்ல முடிவு பண்ணியிருக்கணும்?"

வீட்டில் கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் கெட்டவன் இல்லடி" என்றான். அவளுக்கு அதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

சின்னவளை வேறு மருத்துவமனைக்குத் தூக்கிப்போய்ப் பரிசோதித்தாள். அதே மரபணுதான். கால்களுக்குப் பயிற்சி உடனே தொடங்கியது. பையனின் பாதப் படத்தைச் சுவரிலிருந்து நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள், நீக்கிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து டாக்டர் போனில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, சின்னவளோட ரத்தமும் கொஞ்சம் கிடைச்சா ஆராய்ச்சிக்கு ரொம்ப உதவியா இருக்கும்..."

அவர் முடிக்கும்வரை கேட்டாள். பிறகு போனை வைத்தாள்.