ஏறாத போட்டோ

புவனகிரி பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். 2010இல் வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கினோம். எந்தப் பக்கமும் பாதியில் நின்றுவிடும். டெலிபோன் ஆபீசில் சொன்னால், "கரும்பு வெட்டுற ஊருக்கு இந்த ஸ்பீடே ஜாஸ்தி தம்பி" என்பார் அதிகாரி. ஒரு வருடம் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன்.

அன்று ஓர் அரசு வேலைக்கு இன்டர்நெட்டில் விண்ணப்பிக்கக் கடைசி நாள். காலையிலிருந்து என் போட்டோ ஏறவே இல்லை. மூன்று மணிக்கு அதிகாரியின் மேசை முன்னால் போய் நின்றேன்.

"எங்க வீட்லருந்து போவல சார். உங்க கம்ப்யூட்டர்ல நீங்களே போடுங்க."

"என்னப்பா, மெரட்டுறியா?" என்று சிரித்தபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவருக்கும் ஏறவில்லை. சிரிப்பு போய்விட்டது. ஐந்து மணிக்கு விண்ணப்பிக்கும் நேரமும் முடிந்துவிட்டது.

"சிதம்பரம் பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கலாமேப்பா."

"எத்தினி நாளைக்கு சார் பஸ் ஏறி ஓடுறது? பில்லு மட்டும் வீட்டுக்கே வருதே!"

புகார்ப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க எழுதுங்க சார். நீங்கதான பாத்தீங்க."

அவரே எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் ஊருக்கு வரும் பழைய டெலிபோன் கேபிளை மாற்றும்வரை திங்கள்தோறும் போய்ப் புகார் எழுதினேன். அந்த வேலைக்கான வாய்ப்பு போனதில் வருத்தம் உண்டு. ஆனால் ஒரு வருடம் தலையாட்டினேனே, அதற்குத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன். எங்கள் ஊருக்கு எது போதும் என்று இனி நாங்கள்தான் சொல்வோம்.