அண்ணி ‘நீங்க’ என்றபோது

சைரனை அந்தத் தையல் தொழிற்கூடத்தில் தெரியாதவர்கள் கிடையாது. வரிசையாக மெஷின்கள் ஓடும் ஹால் அது. பக்கத்தில் இருப்பவள் தும்மினால்கூடக் காதில் விழாது. சைரன் ஒரு மூலையில் உட்கார்ந்தபடி எதிர்மூலையைப் பார்த்து, “வெள்ளை நூல் எங்கடி?” என்று கேட்டு, பதிலையும் வாங்கிவிடுவாள். பள்ளிச் சீருடைச் சட்டைகளுக்குக் கை பொருத்துவது அவள் வேலை. சாயங்காலமானால் அதே தொண்டையை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போவாள். பெண்கள் கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரி. அவளுக்குப் பின்னால் கோல் காப்பது அவள் புருஷனின் தங்கை, கிளி.

சைரன் மாதிரியே கிளி என்பதும் பட்டப்பெயர்தான். யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அச்சு அசலாகத் திருப்பித் தந்துவிடுவாள். பயிற்சி தரும் மாஸ்டரின் மூக்கடைத்த குரலுக்குச் சிரிப்பு வரும். ஆனால் கூட்டம் சேர்வது சைரன் குரலுக்குத்தான். “எருமை! தூங்குறியா? லைனை விட்டு வெளிய வாடி!” சைரனே விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்து முடித்ததும், “மூஞ்சியப் பாரு” என்று முதுகில் ஒன்று வைப்பாள். அண்ணி நாத்தனார் பாசம் அந்த வீட்டில் இந்த அலைவரிசையில்தான் ஒலிபரப்பாகும்.

கல்யாணமாகி வந்த புதிதில் மட்டும், சைரன் கிளியிடம், “சாப்பிடுறீங்களா, தூங்குறீங்களா” என்று கொஞ்ச நாள் மரியாதை காட்டினாள். குளியலறை வாளிக்காக ஒரு சண்டை வந்தது. மரியாதை அன்றைக்குப் போனதுதான், திரும்பவேயில்லை.

அரையிறுதி ஆட்டம். முதல் பாதியில் சைரன் தலையால் முட்டிப் போட்ட கோலில் அணி முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் எதிரணிக்கு ஒரு கார்னர். உயர்ந்து வந்த பந்துக்குச் சைரனும் மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தியும் ஒரே நேரத்தில் எம்பினார்கள். பந்து இருவரையும் ஏமாற்றிவிட்டு வெளியே போனது. தலையும் தலையும் மோதிய சத்தம், காற்றில் கதவு அடித்துக்கொண்ட மாதிரி கேட்டது.

மஞ்சள் சட்டைக்காரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சைரன் விழுந்த வேகத்திலேயே எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு நின்றாள். ரத்தம் இல்லை. மயக்கம் இல்லை.

“ஓகேவா?” என்று மாஸ்டர் கோட்டுக்கு வெளியேயிருந்து கத்தினார். சைரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

கோல் பக்கத்திலிருந்து திரும்ப அடித்து ஆட்டத்தைத் தொடங்க, கிளி பந்தைக் கொண்டுவந்து வைத்தாள். சைரன் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டாள்: “நீங்க அடிக்கிறீங்களா? நான் அடிக்கட்டுமா?”

கிளிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அரண்மனைக் காவலாளி குரலில், “தாங்களே அடியுங்கள், மகாராணி!” என்றாள்.

“சரிங்க.”

அந்த முகத்தில் விளையாட்டே இல்லை. புது வீட்டுக்கு வந்தவள் சமையலறை வாசலில் நிற்பதுபோல், உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல், அண்ணி நின்றுகொண்டிருந்தாள். கிளியின் சிரிப்பு பாதியில் அறுந்தது.

“அண்ணி, நாம யாரோட ஆடுறோம்?”

சைரன் சுற்றிப் பார்த்தாள். “மஞ்சள் சட்டையோட.”

“நமக்குக் கோல் போட்டது யாரு?”

போட்டவளே யோசித்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் விசிலை எடுத்துச் சீக்கிரம் என்று சைகை காட்டினார். கிளி பந்தை அடிக்கவில்லை. “ஐயோ, என் காலு!” என்று ஒரு அலறல் அலறிவிட்டுத் தரையில் உருண்டாள். ஆட்டம் நின்றது. மாஸ்டர் ஐஸ் பையோடு ஓடிவந்தார்.

“எந்தக் கால்மா?”

“காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். அண்ணியைப் பாருங்க.”

“நல்லாத்தானே நிக்கிறா?”

“என்னை வாங்க போங்கன்னு கூப்பிடுறாங்க மாஸ்டர்!”

பக்கத்தில் இருந்த ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. சைரனின் கண்களை உற்றுப் பார்த்தார். “வெளிய வாம்மா. இன்னிக்கு இவ்வளவுதான்.”

மாற்று ஆட்டக்காரி என்ற பேச்சை எடுத்தாலே மைதானம் அதிரச் சண்டை போடுகிறவள், ஒரு வார்த்தை பேசாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கிளி கோலை மறந்து அவர்கள் பின்னாலேயே கோடுவரை போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார். அண்ணன் வாசலிலேயே நின்று, “மயக்கம்கூடப் போடலையே டாக்டர்?” என்றான்.

“மயக்கம் போட்டாத்தான் அடின்னு இல்லைங்க. மண்டைக்குள்ள மூளை குலுங்கியிருக்கு. எலும்பு உடைஞ்சா படத்துல தெரியும். இது பேச்சுல, நடையில, தூக்கத்துலதான் தெரியும். அடிபட்ட அன்னிக்குத் திரும்ப ஆட விடவே கூடாது. இது ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா, நான்கூட ஒண்ணும் பண்ண முடியாமப் போகலாம்.” வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, குழப்பம் கூடினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே தூக்கிவரச் சொன்னார்.

“என்னை மட்டும் ஏன் டாக்டர் ‘நீங்க’ன்னாங்க?” என்று கேட்டாள் கிளி.

“எனக்கும் தெரியலைம்மா. கொஞ்ச நேரம் எங்கயோ போயிட்டு வந்திருக்காங்க. எங்கேன்னு அவங்களாலயே சொல்ல முடியாது.”

கட்டிலில் கண்மூடிக் கிடந்த அந்தத் தலையைக் கிளி பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்லு மண்டை என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள்! அந்தக் கல்லுக்குள் கைக்கு அடங்குகிற மெத்தென்ற ஒன்று. வாளிச் சண்டை, அண்ணன், சட்டைக் கைகள், எருமை என்ற செல்லம், எல்லாம் அதற்குள்ளேதான். ஒரு குலுக்கலில் நாத்தனாரை யாரோ ஒரு பெண்ணாக்கிவிட்டு, சத்தமே இல்லாமல் இருந்திருக்கிறது அது.

மறுநாள் காலையில், “என்னடி பேய் மாதிரி பாக்குறே?” என்று சைரன் கேட்டாள். வீடே மூச்சுவிட்டது.

“திட்டுறா! சரியாயிடுச்சு!” என்றான் அண்ணன்.

“அதான். அரையிறுதியும் ஜெயிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை ஃபைனல் ஆடுறேன்,” என்றாள் சைரன். அந்தக் கோப்பைக்காக எத்தனையோ வருஷம் ஓடியவள். எதிரே நின்று மறிக்க வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. கிளி மட்டும் டாக்டரம்மா சொன்னதையெல்லாம் மனத்துக்குள் அடுக்கி, சண்டைக்குத் தயாராக இருந்தாள்.

இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டுச் சைரன் வேலைக்குப் போனாள். மதியமே திரும்பி வந்து, திரைச்சீலையை இழுத்து மூடி, ஈரத் துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்தாள்.

“கிளி.”

“என்ன அண்ணி?”

“அந்த ஹால் டியூப்லைட்டு கண்ணைக் குத்துதுடி. மெஷின் சத்தம் பல்லுக்குள்ள கேக்குது. ஒரு சட்டைக்கு ரெண்டும் இடது கையா வெச்சுத் தைச்சுட்டேன்.”

“யாராவது பாத்தாங்களா?”

“இல்ல. பிரிச்சுச் சரி பண்ணிட்டேன்.” துண்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். “நான் சொல்லாட்டி உங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஞாயித்துக்கிழமை ஆடியிருப்பேன். மாஸ்டர்கிட்ட போன் போட்டுச் சொல்லு, நான் இல்லைன்னு.”

“நீங்களே சொல்லுங்களேன்.”

“அவர் குரலைக் கேட்டா அழுதுடுவேன்டி.”

கிளி தயார் செய்து வைத்திருந்த வாதம் எதற்கும் வேலையில்லாமல் போனது. போனை எடுத்தாள். வழக்கமாக மாஸ்டரிடம் மாஸ்டர் குரலிலேயே பேசுகிறவள், அன்றைக்குச் சொந்தக் குரலில் பேசினாள்.

இறுதி ஆட்டம் தோல்வி. சைரன் அன்று மைதானத்துக்கே வரவில்லை. கூட்டத்தின் இரைச்சலை அவள் தலை தாங்காது. ஸ்கோரைக் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிறகுதான் கிளி பார்த்திராத ஓர் ஆட்டம் தொடங்கியது. முதலில் தெருமுனைவரை நடை. தலை வலிக்காவிட்டால் மறுநாள் வேகநடை. அப்புறம் மெதுவான ஓட்டம். பந்தைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகு. தலையால் முட்டுவது, டாக்டரம்மா சரி என்று சொன்னால்தான். வலி எட்டிப் பார்த்தால் கீழ்ப்படிக்கு இறங்கிவிட வேண்டும். அடுப்பில் பால் வைத்தால் பொங்கும்வரை நிற்கப் பொறுமையில்லாதவள், இத்தனையையும் கேட்டு நடந்தாள்.

ஒரு சாயங்காலம் மற்றவர்களோடு மைதானத்தைச் சுற்றி ஓடினாள். பழைய கால், பழைய வேகம். “வந்துட்டா பாரு!” என்று மாஸ்டர் கைதட்டினார். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே சைரன் ஓட்டத்தைக் குறைத்தாள். நின்றாள். நெற்றிப்பொட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு, ஆட்டத்திலிருந்து தன்னை மாற்றச் சொல்கிறவள்போல, தானே கையை உயரத் தூக்கினாள்.

யாரும் அவளை நிறுத்தவில்லை. யாருக்கும் தெரிந்திருக்கவும் முடியாது.

கோட்டைத் தாண்டி அவள் வெளியே நடந்து போவதை, கிளி கோல் கம்பத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வந்த பந்துகூட அவள் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலையில் சைரன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மறுபடியும் நடையிலிருந்து.