பங்கரில் கொட்டிய குப்பை

சமாதானம் வந்ததும் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது குப்பைதான். தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் அரசாங்கத்துக்கும் போராளிகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்திய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் எறிவதற்கு என்ன இருந்தது? ஜாம் போத்தல் விளக்காகியது, பழைய சேலை மண்மூட்டையாகியது, சவர்க்காரத்தின் கடைசித் துண்டைக்கூடப் புதுக்கட்டியோடு ஒட்டித் தேய்த்தோம். தடை கொஞ்சம் இளகியதும் பால்மாப் பெட்டியும் பிஸ்கற் பையும் வந்தன. கூடவே, குப்பையைக் குறைக்கும்படி கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இவ்வளவு காலமும் சவர்க்காரத்தை மறித்து வைத்திருந்த அதே அரசாங்கம்தான் அனுப்பியது. எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவருக்கு வரவில்லை.

அவர் சுகாதாரப் பரிசோதகர். புத்தூர்ப் பக்கத்தில் வீடு வீடாகச் சைக்கிளில் போய்க் கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்ப்பது அவர் வேலை. குப்பையைத் தெருவில் கொட்டக்கூடாது, வீட்டுக்கு வீடு குப்பைக் கிடங்கு வெட்டவேண்டும் என்பது உத்தரவு. அரசாங்கம் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. ஆனால் எங்கள் ஊர் நிலத்தில் மேலே கொஞ்சம் செம்மண், கீழே சுண்ணாம்புக் கல். அலவாங்குக் கம்பியால் குத்தினால் பொறி பறக்கும். குண்டுவீச்சுக்கு ஒளியப் பங்கர் வெட்டியே கை கொப்புளித்த சனம் இன்னொரு கிடங்கு வெட்டுமா?

“பங்கர் சும்மாதானே கிடக்குது,” என்றார் அவர். “அதுக்கை போடச் சொல்லுவம். முதல் எங்கடை வளவிலை செய்து காட்டுவம்.”

“பிளேன் திரும்பி வந்தா?”

“நீர் சும்மா பயப்பிடுறீர். இனி வராது.”

நான் சண்டை பிடித்தேன், கதைக்காமலும் இருந்து பார்த்தேன். மனிதர் அசையவில்லை. பங்கரின் மேல் கூரையாகக் கிடந்த பனங்குற்றிகளைக் கழற்றி வேலியோரம் அடுக்கினார். அன்றே குப்பை விழத் தொடங்கியது.

எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பேசப் பழகுமுன்பே குண்டு போடவரும் பொம்மரின் சத்தத்தைத் தெரிந்துகொண்ட பிள்ளை. சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, எங்களையும் பார்க்காமல் பங்கருக்குள் ஓடிவிடுவாள். அந்தப் பழக்கம் ஒன்றுதான் எனக்கு இருந்த நிம்மதி. குப்பை விழுந்த பிறகும் அவள் அதற்குள்ளேயே போய் விளையாடினாள். அவர் அவளைத் தூக்கி வந்து, “இது இனிப் பங்கர் இல்லை, குப்பைக் கிடங்கு. கிருமி இருக்கு, கிட்டவும் போகக்கூடாது” என்று படித்துப் படித்துச் சொன்னார். ஒருநாள் அடியும் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் போவதை விட்டுவிட்டாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருதனார்மடச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் காது வானத்தில்தான். மோட்டார் சைக்கிள் உறுமினாலும் உலை கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு முற்றத்துக்கு வந்து மேலே பார்ப்பேன். எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பங்கரும் நிரம்பிக்கொண்டிருந்தன. அவர் சைக்கிளை நிறுத்தி, ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்து மெச்சினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த கையோடு சண்டை திரும்பத் தொடங்கியது. கிடங்கைத் துப்புரவாக்கச் சொன்னேன். “பொறும், ரெண்டு பக்கமும் திரும்பக் கதைப்பினம்,” என்றுவிட்டு வேலைக்குப் போனார். அன்று காலையே பொம்மர் வந்தது.

நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மகள் முந்தி ஓடியிருப்பாள் என்று நினைத்துப் பங்கரடிக்குப் பாய்ந்தேன். அங்கே அவள் இல்லை. திரும்பினால், நடு முற்றத்தில், வெட்டவெளியில், காதுகளைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

“ஓடி வா, பிள்ளை!”

“அது குப்பைக் கிடங்கு, அம்மா. கிட்டப் போகக்கூடாதெண்டு அப்பா சொன்னவர்.”

அவளை அள்ளிக்கொண்டு குதித்தேன். வாழைத்தண்டும் மீன் செதிலும் முழங்கால் வரை வந்தன. குண்டு எங்கேயோ தள்ளித்தான் விழுந்தது, ஆனாலும் நிலம் அதிர்ந்தது. நாற்றம் தாங்காமல் அவள் ஓங்காளித்தாள். அந்த நேரத்தில் அவர் என் முன்னால் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அவர் பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மகள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் மண்வெட்டியோடு இறங்கி, குப்பையை அள்ளி அள்ளி ஒழுங்கையில் கொட்டினார். மற்ற வீடுகளிலும் அதே வேலைதான் நடந்தது. பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டி, “தம்பி, ரோட்டிலை கொட்டலாமோ?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அனுமதி கேட்டார்.

“கொட்டுங்கோ, அக்கா,” என்றார் அவர், நிமிராமல்.

சாம்பல் தூவி, வேப்பிலை பரப்பி, பனங்குற்றிகளைத் திரும்ப அடுக்கினோம். பிறகு அவர் உள்ளே இறங்கி இருந்துகொண்டு மகளைக் கூப்பிட்டார். அவள் வாசலிலேயே நின்றாள்.

“இது பங்கரோ, குப்பைக் கிடங்கோ?”

“பங்கர்தான், குஞ்சு.”

“அப்ப குப்பையை எங்கை போடுறது?”

அவர் கையை நீட்டினார். “குப்பை வெளியிலை கிடக்கட்டும். நீ உள்ளை வா.”

அவள் அவருடைய கையைப் பிடிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “உண்மையோ, அம்மா?” என்று கேட்டாள்.