எல்லாமே சுகமாத்தான் இருக்கு

குடிநீர் அலுவலகத்தில் அவருக்குக் காது என்று பெயர். பதிவேட்டில் இருக்கும் பெயரை மேலதிகாரி திட்டும்போது மட்டும் கேட்கலாம். மற்றபடி இளையவர்களுக்குக் காதண்ணன், மூத்தவர்களுக்கு வெறும் காது. ஆளுயர இரும்புக் கம்பி ஒன்று, அதன் மேல்முனையில் மரக் குமிழ். விடிந்தும் விடியாத நேரத்தில், வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால், கம்பியின் நுனியைச் சாலையில் ஊன்றிக் குமிழைக் காதில் வைத்துக்கொள்வார். பூமிக்குள் எந்த இடத்தில் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு நடப்பார். முப்பத்தொரு வருடமாக இதுதான் வேலை. அவர் போட்ட குறியை விட்டு ஒரு முழம்கூடத் தள்ளித் தோண்ட வேண்டியிருந்ததில்லை.

வீட்டில் அவ்வளவு காது கிடையாது என்பது மனைவியின் கட்சி. அந்த அம்மாள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவர். "தார் ரோட்டுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் கேக்கும். பக்கத்துல நின்னு நான் கத்தறது கேக்காது" என்பார்.

ஒரே மகள். ஆறு வருடத்துக்கு முன் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. "அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு" என்றார். மனைவியை மட்டும் அனுப்பிவிட்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு மட்டும் பதினோரு கசிவு பிடித்தார் என்று அலுவலகத்தில் இன்னமும் சொல்வார்கள். அதற்குப் பிறகு மகள் அம்மாவோடுதான் போனில் பேசினாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று அம்மாவிடம் கேட்பாள். அவரும் அவள் எப்படி இருக்கிறாள் என்று அம்மாவிடமே கேட்டுக்கொள்வார்.

இந்த வருடம் அப்பாவுக்கென்று ஒரு செய்தி அனுப்பினாள். மூன்று வாரத்தில் வருகிறாளாம். ஊருக்கு வெளியே இருக்கும் மலையில், சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் கையைப் பிடித்து ஏறிய பாதையில், மறுபடி அவரோடு ஏற வேண்டுமாம். அதற்கு நல்ல ஷூ வாங்கிக்கொள்ளச் சொன்னாள். கனமான பூட்ஸ் வேண்டாம். மலைப்பாதையில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ லேசாக இருக்கும், வழுக்காது, நனைந்தாலும் சீக்கிரம் காயும். சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் அப்போதுதான் முழு அளவுக்கு வரும். விரலுக்கு முன்னால் இடம் இருக்கட்டும். கடைசி வரி: எது சுகமா இருக்கோ அதை வாங்குங்கப்பா, மத்ததெல்லாம் பாக்க வேண்டாம்.

அந்தச் செய்தியை அவர் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போனிலேயே இருக்கிறதே என்று மனைவி சொன்னதற்கு, "இருக்கட்டும்" என்றார்.

கல்யாணத்துக்கு வராதது தப்பு என்று அவளிடம் சொல்ல வேண்டும். ஆறு வருடமாக நெஞ்சில் கிடப்பது அதுதான். எதிரெதிரே உட்கார்ந்து பேச அவருக்கு வராது. நடந்துகொண்டே, முகம் பார்க்காமல் என்றால் வரும். மூன்றாவது வளைவில் மூச்சு வாங்கும். அங்கே சொல்லிவிடுகிறேன் என்று மனைவியிடம் இடம்கூடக் குறித்துச் சொன்னார்.

"அங்கயும் சுண்ணக்கட்டியால குறி போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார் அந்த அம்மாள்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். விளையாட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை. ஷூ பகுதியில் சாம்பல் நிறச் சீருடை போட்ட ஒரு பெண் இருந்தாள். அவருடைய இரண்டு காலையும் தனித்தனியே அளந்தாள். இடது கால் கொஞ்சம் பெரிது. ஐந்து ஜோடி கொண்டுவந்து அடுக்கினாள். அடியில் பல் பல்லாக ரப்பர் வைத்த ஷூக்கள்.

முதல் ஜோடியைப் போட்டு நடந்தார். "எப்படி இருக்கு சார்?"

"சுகமா இருக்கு."

இரண்டாவது. "சுகமா இருக்கு." மூன்றாவதும் அப்படியே.

"இவரைக் கட்டிக்கிட்ட முப்பது வருஷத்துல எதையும் இப்படி நல்லா இருக்குன்னு சொன்னதில்ல, பாப்பா. ஷூவுக்கு வந்த யோகத்தைப் பாரு" என்றார் மனைவி.

அந்தப் பெண் சிரித்தாலும் விடவில்லை. "எது கொஞ்சம் நல்லா இருக்கு, எது கொஞ்சம் கடிக்குதுன்னு சொன்னாத்தானே சார் நான் எடுத்துத் தர முடியும்?"

அவர் யோசித்தார். இதே மாதிரியில் ஒரு அளவு சின்னது இருக்கிறதா என்று கேட்டார். உங்கள் அளவு இதுதான் சார் என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை. சின்னதைக் கொண்டுவந்ததும் திணித்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். முகம் மலர்ந்தது. "இதுதான். இதுதான் போட்டிருக்கிற மாதிரி இருக்கு."

கடையில் ஒரு சரிவுப் பலகை இருந்தது. மலையிலிருந்து இறங்குவதுபோல நடந்து பார்ப்பதற்காக அதில் கூழாங்கற்களை ஒட்டி வைத்திருந்தார்கள். அவர் ஏறினார், இறங்கினார். மறுபடி ஏறினார். கால் மணி நேரம் கைகளை வீசிக்கொண்டு நடந்தார். மகள் பக்கத்தில் வருவதுபோலக் கொஞ்சம் இடம் விட்டு நடந்தார். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லவே இல்லை என்றார்.

ஷூவைக் கழற்றி அவள் பெட்டியில் வைக்கப்போனாள். இடது ஷூவைக் கவிழ்த்தபோது ஒரு பொட்டலம் விழுந்தது. ஈரம் இழுப்பதற்காகப் புது ஷூவுக்குள் போட்டு வைக்கிற, கல் போன்ற குருணை அடைத்த சின்னப் பொட்டலம். எடுக்க மறந்திருக்கிறாள். பொட்டலம் கிழிந்து பாதிக் குருணை உள்ளே கொட்டியிருந்தது.

"ஐயோ சாரி சார், இதோடயா நடந்தீங்க? குத்தலையா?"

அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மனைவி குனிந்து அவர் காலுறையை உருவினார். பாதத்தின் முன்பகுதி முழுக்கக் குருணை அழுந்திய குழிகள். பெருவிரலுக்குக் கீழே தோல் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ரத்தக்கறையைத் தினமும் பார்க்கிற அந்த அம்மாள், அந்தச் சின்னக் காலுறையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

போன மழைக்காலத்தில் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். மற்றதைத் தெருநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றார். கால்ல இருந்ததையா தூக்கிச்சு என்று கேட்டு அந்த அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்திருந்தார். கழன்று விழுந்தது தெரியாமலே நடந்திருக்கிறார் என்பது இப்போதுதான் புரிந்தது. பதினான்கு வருடச் சர்க்கரை. பாதம் மரத்துப் பஞ்சுபோல ஆகிவிட்டதை டாக்டரிடம்கூட அவர் சொல்லவில்லை. சொன்னால் அலுவலகத்தில் அவரைத் தெருவிலிருந்து எடுத்து நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். இப்போது மலை வேறு.

திங்கட்கிழமை டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட்டார். தொடுவது தெரிந்தால் "ம்" என்று சொல்ல வேண்டும். அவர் மூன்று தடவை "ம்" என்றார். அதில் இரண்டு தடவை டாக்டர் இன்னும் தொட்டிருக்கவில்லை. தோற்றுவிடக் கூடாதென்று ஊகித்திருக்கிறார். மலை கூடவே கூடாது என்றார் டாக்டர். கல் குத்தினாலும் தெரியாது, புண் ஆனாலும் தெரியாது. அப்புறம் விரலில் ஆரம்பித்து எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும், "வேலை இருக்குன்னு அவகிட்ட சொல்லிடு" என்றார்.

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

மனைவி போனைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனார். ஆனால் குழாயைத் திறக்கவில்லை, பாத்திரத்தை உருட்டவில்லை.

"மலை வேண்டாம்மா" என்றார் அவர்.

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னும் கோபமாப்பா?"

"இல்லம்மா. கடைக்குப் போனேன். எல்லா ஷூவும் சுகமாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் என்னப்பா?"

"எல்லாமே சுகமா இருந்துச்சும்மா. அதான்."

அதற்குப் பிறகு மிச்சத்தைச் சொன்னார். மகள் அழுதாள். கட்டாயம் வருகிறேன், வீட்டிலேயே இருப்போம் என்றாள்.

வந்தாள். மருமகனும் வந்திருந்தான், அளவாகப் பேசினான். ஐந்து நாள் இருந்தார்கள். அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டாள், மெத்தென்ற செருப்பு வாங்கி வந்தாள், எந்த மாத்திரை எப்போது என்று கேட்டுக்கொண்டாள். அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சர்க்கரையைப் பற்றி அவ்வளவு பேசினார்கள். பேச்சு ஓயும்போதெல்லாம் அவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். "தண்ணி வேணுமாப்பா?" என்பாள். கொடுத்ததை அவர் குடித்துவிடுவார்.

நான்காம் நாள் மகளும் மருமகனும் மலைக்குப் போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்பினார்கள். "மூணாவது வளைவுல உட்கார ஒரு பெஞ்சு போட்டிருக்காங்கப்பா" என்றாள். "நல்லது" என்றார்.

மறுநாள் காலை வாடகைக் கார் வந்தது. அவள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "பாத்து நடங்கப்பா, கீழ பாத்து நடங்க." அவர் தலையை ஆட்டினார். கார் தெருமுனையில் திரும்பியது.

"அவ கல்யாணத்துக்கு நான் போயிருக்கணும்" என்றார்.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். "இதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி உள்ளே போய்க் கைக்கண்ணாடியை எடுத்து வந்தார். தினமும் இரண்டு வேளை பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.

"உக்காருங்க. காலைத் தூக்குங்க."