வெள்ளிக்கிழமை இறால்

அந்த உணவகத்துக்குப் போகிறோம் என்று மகள் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. மெல்பேர்ண் நகரத்துக்குள் ஒரு சந்தில் இருக்கிறதாம். கற்றலான் சாப்பாடாம், அது ஸ்பெயினில் ஒரு பகுதி என்று விளக்கினாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், டண்டினொங்கில் பெட்டி ஒட்டும் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றவன். மெனுவைக் கையில் தந்தால் என்ன செய்வது? ரயில் பிந்தினால் மேசையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்களா? இப்படிச் சின்னச் சின்னதாக யோசித்தால் பெரியதை யோசிக்கத் தேவையில்லை.

பெரியது இதுதான். மூன்று நாளுக்கு முன் ஆஸ்பத்திரியில் மனைவியின் ஸ்கான் முடிவைச் சொன்னார்கள். அவளுக்கு இங்கிலிஸ் மட்டுமட்டு. டொக்டர் மகளைப் பார்த்துச் சொன்னார், மகள் என்னைப் பார்த்தாள். கணையத்தில் புற்றுநோய், வெட்டி எடுக்க ஏலாது, மாதக்கணக்குத்தான். அவ்வளவும் எனக்கே விளங்கியது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"இன்னும் ரெண்டு டெஸ்ட் எடுக்க வேணுமாம், அம்மா" என்றாள் மகள்.

கார் நிறுத்துமிடத்தில், தாய் காருக்குள் ஏறிய பிறகு, மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அவவின்ர உடம்பு, அப்பா. என்னைப் பொய் சொல்ல வைச்சிட்டியள்."

"ஒரு கிழமை பொறு, பிள்ளை."

எங்கள் சனம் நோயாளிக்குக் கடைசியாகத்தான் சொல்லும். மனம் விட்டுப்போகும் என்று பயம். யாருடைய மனம் என்று நான் அப்போது கேட்டுப்பார்க்கவில்லை.

தாய் சந்தோசமாக ஒரு நாள் வெளியில் சாப்பிடட்டும் என்று மகள்தான் இதை ஒழுங்கு செய்தாள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத்தான் இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை, மீன் இறைச்சி எதுவும் தொடமாட்டோம். "சைவமும் இருக்கு, அம்மா" என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள்.

உயரமான கதிரைகள், மேசைத்துணி கிடையாது. சின்னச் சின்னத் தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன.

"இது பூனைக்கு வைச்ச மாதிரியெல்லோ இருக்கு" என்றாள் மனைவி.

"எல்லாரும் ஷேர் பண்ணுறது, அம்மா. இன்னும் வரும்."

தக்காளி தேய்த்த பாண் துண்டுகள் வந்தன. சுட்ட கத்தரிக்காய் எண்ணெயில் மிதந்து வந்தது. "வெங்காயமும் பச்சைமிளகாயும் போட மறந்திட்டாங்கள்" என்று சொல்லி மனைவி சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கண்டேன்.

அடுத்து மகளுக்கென்று இறால் வந்தது. மண்சட்டியில் உள்ளிப்பூண்டு எண்ணெய் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. மனைவிக்கு இறால் என்றால் உயிர். அவளுடைய கண் சட்டியில் போய் நின்றது. மாதக்கணக்கில் எத்தனை வெள்ளிக்கிழமை என்று என் மண்டை எண்ணத் தொடங்கிவிட்டது. நான் ஒரு இறாலை எடுத்து அவளுடைய தட்டில் வைத்தேன்.

"சாப்பிடும். ஒண்டுதானே. பிள்ளையார் கோவிக்க மாட்டார்."

அவள் இறாலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பிள்ளை பள்ளிக்கூடப் பார்ட்டியில தந்த சொசேஜ் ரோலை ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுவந்ததுக்கு, என்னைக் கொண்டு குசினி முழுக்கக் கழுவ வைச்ச மனுசன் நீங்கள்" என்றாள். குரல் உயரவில்லை. "டொக்டர் என்னப்பா சொன்னவர்?"

நான் தண்ணீரைக் குடித்தேன். மகள் அழத் தொடங்கினாள்.

"அம்மா, நான்..."

"நீ பொறு. அவர் சொல்லட்டும்."

நான் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். முப்பது வருடம் என்னோடு வாழ்ந்தவளுக்கு ஒரு சொல் சொல்ல முடியவில்லை. கடைசியில் மகள்தான் சொன்னாள். மனைவி கேட்டுக்கொண்டு கைத்துண்டை நாலாக மடித்தாள்.

"இனி டொக்டர் சொல்லுறதில ஒரு சொல்லும் விடப்படாது, பிள்ளை. அப்பாவின்ர முகத்தைப் பாராதை. என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லு."

பரிமாறுகிற பையன் வந்து, இறால் பிடிக்கவில்லையா என்று கேட்டான்.

"குட், குட்" என்றாள் அவள். "டுடே ஃப்ரைடே."

அவன் விளங்கியதுபோலச் சிரித்து, சட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள். நான் வெளியே கதிரையில் இருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. மகள் தமிழில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்வது கேட்டது. நான் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினேன்.